எந்த டைலிங் விண்டோ மேனேஜரில் தொடங்கலாம்?

ஆல்ட்+டேப்பை ஒரு நாளில் எத்தனை முறை அழுத்துகிறீர்கள் என்று கவனித்துப் பாருங்கள். பிரவுசர் வேண்டும் என்று அழுத்தினால் டெர்மினல் வந்து நிற்கும். மறுபடி அழுத்தினால் கோப்பு மேலாளர். அவசரத்தில் ஒரு தட்டு கூடிப்போய் பிரவுசரைத் தாண்டிவிடுவோம், அப்புறம் முழுச் சுற்றும் சுற்றி வர வேண்டும். கடைசியாக எதைத் திறந்தோமோ அதை வைத்து வரிசை மாறிக்கொண்டே இருப்பதால் கைக்கு எதுவும் பழகுவதில்லை. ஒவ்வொரு முறையும் கண்தான் தேடுகிறது.

லினக்ஸில் சாளரங்களை அடுக்கிவைக்கும் நிரலான டைலிங் விண்டோ மேனேஜர் பக்கம் பலர் வருவது அழகான ஸ்க்ரீன்ஷாட்டுகளைப் பார்த்துத்தான். நானும் அப்படித்தான் வந்தேன். சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல், தரையில் ஓடு பதித்தது போல் திரையை நிரப்பி நிற்கும். ஓரத்தைப் பிடித்து இழுத்து மவுஸோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆனால் சில ஆண்டுகள் புழங்கிய பிறகு எனக்குத் தோன்றியது வேறு. ஓடு பதிப்பதில் கிடைப்பது பாதி லாபம்கூட இல்லை. பெரும்பாலான நேரம் என் திரையில் இருப்பது ஒரு சாளரம், மிஞ்சினால் இரண்டு. எண் போட்ட வொர்க்ஸ்பேஸ்களில், அதாவது ஒரே திரையில் மாற்றி மாற்றிப் பார்க்கும் தனித்தனி வெளிகளில்தான் விஷயம் இருக்கிறது. 1-ல் டெர்மினல், 2-ல் பிரவுசர், 3-ல் எடிட்டர், 9-ல் அரட்டை என்று வைத்துக்கொண்டால், சூப்பர்+2 அழுத்தியதும் பிரவுசர். எந்த நேரத்தில், எங்கிருந்து அழுத்தினாலும் பிரவுசர்தான். (சூப்பர் என்பது பல கீபோர்டுகளில் விண்டோஸ் சின்னம் போட்டிருக்கும் விசை.)

அதனால் கீழே ஒவ்வொன்றையும் நான் அளப்பது இரண்டே கேள்விகளால். இந்தப் பழக்கத்துக்கு எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது? அதற்குப் பதிலாக என்னென்ன வசதிகளைப் பிடுங்கிக்கொள்கிறது?

இருக்கும் டெஸ்க்டாப்பை விடாமல்

க்னோமிலோ கேடிஇ பிளாஸ்மாவிலோ (லினக்ஸின் வழக்கமான டெஸ்க்டாப்கள்) இருப்பவர்கள் உடனே எதையும் நிறுவ வேண்டாம். க்னோமில் சூப்பரோடு இடது அல்லது வலது அம்புக்குறியை அழுத்தினால் சாளரம் பாதித் திரைக்கு ஒதுங்கும். வொர்க்ஸ்பேஸ்கள் வழக்கமாகத் தேவைக்கேற்ப முளைத்து மறையும். அமைப்புகளில் போய் அவற்றின் எண்ணிக்கையை நிலையாக வைத்துவிடலாம். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. சூப்பர்+1 முதல் சூப்பர்+9 வரை க்னோம் ஏற்கெனவே வேறு வேலைக்கு வைத்திருக்கிறது: கீழே டாக்கில் உள்ள முதல் செயலி, இரண்டாம் செயலி என்று திறப்பதற்கு. அந்தப் பிடியை ஜிசெட்டிங்ஸ் கட்டளையால் விடுவித்துவிட்டு, அதே விசைகளை வொர்க்ஸ்பேஸ்களுக்குக் கொடுக்க வேண்டும். பத்து நிமிட வேலை.

கேடிஇயில் இது இன்னும் சுலபம், எல்லாக் குறுக்குவிசைகளையும் அமைப்புகள் சாளரத்திலேயே மாற்றலாம். பிளாஸ்மா 5.27-ல் இருந்து சூப்பர்+டி (ஆங்கில T எழுத்து) அழுத்தினால் திரையைக் கட்டங்களாகப் பிரிக்கும் எடிட்டர் வரும். ஷிப்டைப் பிடித்துக்கொண்டு சாளரத்தை இழுத்தால் கட்டத்தில் போய் உட்காரும். இதைத் தானியங்கி டைலிங் என்று சொல்ல முடியாது, கட்டத்தில் வைக்க வேண்டியது நீங்கள்தான். தானாக அடுக்க வேண்டுமென்றால் க்னோமுக்குப் பாப் ஷெல், ஃபோர்ஜ் போன்ற நீட்சிகள் உண்டு. க்னோமின் ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு வரும்போதெல்லாம் நீட்சிகள் உடையும் அபாயம் இருக்கிறது, அதை ஏற்றுக்கொண்டுதான் போட வேண்டும். பாப் ஷெல்லை உருவாக்கிய சிஸ்டம்76 நிறுவனம் அந்த அனுபவத்தை வைத்து ரஸ்ட் மொழியில் காஸ்மிக் என்ற முழு டெஸ்க்டாப்பையே எழுதியிருக்கிறது. அதில் டைலிங் உள்ளேயே இருக்கிறது, சூப்பர்+ஒய் அழுத்தி இயக்கலாம், நிறுத்தலாம்.

இந்த வழியில் நீங்கள் இழப்பது ஏதும் இல்லை. வைஃபை, ஒலி, திரைப்பூட்டு எல்லாம் பழையபடி வேலை செய்யும். பலருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. இரண்டு வாரம் இப்படி ஓட்டிவிட்டு, "இன்னும் மவுஸைத் தொட வேண்டியிருக்கிறதே" என்று எரிச்சல் வந்தால் மட்டும் அடுத்ததைப் படியுங்கள்.

ஐ3, ஸ்வே

தனி விண்டோ மேனேஜர் என்று முடிவு செய்துவிட்டால், பேச்சைத் தொடங்க வேண்டியது ஐ3-ல் இருந்து. மைக்கேல் ஸ்டாப்பல்பெர்க் 2009-ல் வெளியிட்டது. இதன் கையேட்டைப் போல் தெளிவான கையேடு இந்த வட்டாரத்தில் வேறு எதற்கும் இல்லை என்று துணிந்து சொல்வேன். முதல்முறை உள்நுழைந்ததும் "சூப்பரா, ஆல்ட்டா, எது உங்கள் முதன்மை விசை?" என்று கேட்டு, அமைப்புகள் எழுதியிருக்கும் கான்ஃபிக் கோப்பைத் தானே எழுதித் தந்துவிடும். அந்தக் கோப்பும் சாதாரண எழுத்துக் கோப்புதான். ஒரு வரியில் "பைண்ட்சிம்" என்ற சொல், பிறகு விசைகள், பிறகு நடக்க வேண்டிய செயல். நிரலாக்கம் தெரியாதவரும் படித்துப் புரிந்துகொண்டு மாற்றலாம்.

ஐ3-ல் சாளரத்தை எங்கே வைப்பது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். உள்ளுக்குள் அது சாளரங்களை ஒரு மரமாக வைத்திருக்கிறது. இடப்பக்கம் பிரவுசர், வலப்பக்கம் எடிட்டர் இருக்கிறது என்று வையுங்கள். எடிட்டரில் இருந்தபடி சூப்பர்+வி அழுத்திவிட்டு டெர்மினலைத் திறந்தால், அது எடிட்டருக்குக் கீழே வரும். அந்த வி-யை மறந்தால் மூன்றாவது பத்தியாக வரும். நான்காவது, ஐந்தாவது என்று திறந்துகொண்டே போனால், ஒவ்வொன்றும் ரயில் பெட்டி ஜன்னல் அளவுக்குச் சுருங்கிவிடும். முதல் வாரத்தில் எல்லோருக்கும் நடப்பது இது. இதற்கு மருந்து சூப்பர்+டபிள்யூ. அதை அழுத்தியதும் அந்தக் கூட்டம் முழுவதும் டேப்களாக மாறி, ஒன்று மட்டும் முழு அளவில் நிற்கும். பழைய நிலைக்குத் திரும்ப சூப்பர்+ஈ. மர அமைப்பை முழுதாகப் புரிந்துகொள்ள முயலாமல், இந்த இரண்டை மட்டும் வைத்தே மாதக்கணக்கில் ஓட்டலாம்.

அடுத்த சாளரத்துக்கு நகர ஐ3 வைத்திருக்கும் விசைகள் ஜே, கே, எல், அரைப்புள்ளி. விம் எடிட்டர் பழகியவர்களுக்கு இது எரிச்சலூட்டும், அவர்கள் கை ஹெச்சில் இருந்து தொடங்கும். ஐ3-ல் ஹெச் கிடைமட்டப் பிரிப்புக்குப் போய்விட்டது. விம் தெரியாதவர்கள் அம்புக்குறிகளையே பயன்படுத்தலாம், அவையும் வேலை செய்யும்.

ஸ்வே என்பது வேலண்டில் ஓடும் ஐ3. (செயலிகள் திரையில் வரைய உதவும் அடித்தள முறை வேலண்ட். அதற்கு முந்தைய பழைய முறை, ஐ3 ஓடும் எக்ஸ்11.) ட்ரூ டிவால்ட் தொடங்கியது, 1.0 வெளியீடு 2019-ல் வந்தது. ஐ3-ன் கான்ஃபிக் கோப்பைக் கொடுத்தால் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொள்ளும். அப்படியானால் எதில் தொடங்குவது? இங்கேதான் எக்ஸ்11-ஆ வேலண்டா என்ற பழைய வாக்குவாதம் வருகிறது. அதைச் சுருக்கமாக முடிக்கிறேன். க்னோமும் கேடிஇயும் எக்ஸ்11-ஐக் கைவிடும் திசையில் போகின்றன. இரண்டு மானிட்டர்களை இரண்டு வெவ்வேறு அளவுப் பெருக்கத்தில் வைப்பது எக்ஸ்11-ல் பெரும் தொல்லை, வேலண்டில் இயல்பாக நடக்கும். எக்ஸ்11-ல் ஓடும் எந்தச் செயலியும் மற்றச் செயலியில் நீங்கள் தட்டுவதை ஒட்டுக்கேட்க முடியும். வேலண்ட் அந்த வாசலை அடைத்துவிட்டது. அதே காரணத்தால் எக்ஸ்டூடூல் போன்ற தானியக்கக் கருவிகள் அங்கே பலிக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஐ3 கெட்டிக்காரத்தனமானது. எக்ஸ்11-ல் திரையை நடத்துவது எக்ஸ் சர்வர், விண்டோ மேனேஜர் அதன் ஒரு வாடிக்கையாளர் மட்டுமே. அதனால் ஐ3 விழுந்தாலும் உங்கள் செயலிகள் உயிரோடு இருக்கும். சூப்பர்+ஷிப்ட்+ஆர் அழுத்தி இருந்த இடத்திலேயே மறுபடி தொடங்கலாம். வேலண்டில் இரண்டும் ஒரே நிரல். ஸ்வே விழுந்தால் அதில் ஓடிய எல்லாம் அதோடு போய்விடும்.

இன்று புதிதாக வருபவருக்கு ஸ்வே என்பதே என் தேர்வு. விதிவிலக்கு என்விடியாவின் சொந்த டிரைவரோடு வாழ்பவர்கள். அந்த டிரைவரை ஸ்வே நீண்ட காலமாக ஆதரிக்கவில்லை, அதில் சிக்கல் வந்தால் கேட்க நாதியில்லை. அவர்கள் ஐ3-ல் நிம்மதியாக இருக்கலாம். ஸ்வேயை முதலில் திறப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அதன் இயல்பான டெர்மினல் ஃபுட். அது கணினியில் இல்லையென்றால் சூப்பர்+என்டர் அழுத்தினால் எதுவுமே நடக்காது. வெறும் பின்னணிப் படம் உங்களைப் பார்க்கும், நீங்கள் அதைப் பார்ப்பீர்கள். கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தினால் எழுத்துத் திரை வரும், அங்கே உள்நுழைந்து ஃபுட்டை நிறுவிவிட்டுத் திரும்பலாம். இந்த மூன்று விசையை மட்டும் ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள்.

தானாக அடுக்குபவை

டிடபிள்யூஎம், எக்ஸ்மோனாட், ஆசம், கியூடைல் எல்லாம் வேறு குடும்பம். இங்கே நீங்கள் மரம் கட்டத் தேவையில்லை. முக்கியச் சாளரம் ஒன்று இடப்பக்கம் பெரிதாக நிற்கும், மற்றவை வலப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும். புதிதாக ஒன்றைத் திறந்தால் அதுவே கணக்குப் போட்டு இடம் கொடுக்கும். உண்மையைச் சொன்னால், அன்றாடப் புழக்கத்தில் இந்த முறை ஐ3-ஐவிட மூளைக்குக் குறைந்த வேலை.

அப்படியிருந்தும் முதல் தேர்வாகச் சொல்ல நான் தயங்குவது கான்ஃபிக் காரணமாகத்தான். டிடபிள்யூஎம்முக்குக் கான்ஃபிக் கோப்பே கிடையாது. சி நிரலின் தலைப்புக் கோப்பை மாற்றி, மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். மொத்த நிரலும் 2000 வரியைத் தாண்டக் கூடாது என்பது அதை எழுதியவர்களின் வைராக்கியம். கூடுதல் வசதி வேண்டுமென்றால் பேட்ச் (நிரலில் மாற்றங்களைச் சேர்க்கும் கோப்பு) ஒட்ட வேண்டும், இரண்டு பேட்ச் ஒட்டிய பிறகு மூன்றாவது ஒட்டாது. எக்ஸ்மோனாடுக்கு ஹாஸ்கெல் நிரல்மொழி வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினாலும் வரும் பிழைச்செய்தியைப் படிக்கத் தனிப் பயிற்சி தேவை. பைத்தான் தெரிந்தவர்களுக்குக் கியூடைல் நல்ல இடம், அது எக்ஸ்11, வேலண்ட் இரண்டிலும் ஓடும்.

இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் மட்டும் எக்ஸ்மோனாடைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஐ3-லும் ஸ்வேயிலும் ஒரு வொர்க்ஸ்பேஸ் ஏதாவது ஒரு மானிட்டருக்குச் சொந்தம். சூப்பர்+3 அழுத்தினால் 3 எங்கே இருக்கிறதோ அந்த மானிட்டருக்கு உங்கள் கவனம் தாவும். எக்ஸ்மோனாடில் 3 நீங்கள் இருக்கும் மானிட்டருக்கே வந்துவிடும். அது அடுத்த திரையில் ஏற்கெனவே தெரிந்துகொண்டிருந்தால் இரண்டும் இடம் மாற்றிக்கொள்ளும். டிடபிள்யூஎம்மில் ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனியாக ஒன்பது. எண்ணை நம்பி வாழ்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம், எந்த அடுக்கு முறை என்பதைவிடப் பெரியது. இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் நான் ஒருமுறை மாறி, மறுபடி திரும்பி வந்தேன்.

ஹைப்பர்லேண்டும் தானாக அடுக்கும் வகைதான், வேலண்டில் ஓடுவது. சாளரம் அகலமாக இருந்தால் நெடுக்காகவும், உயரமாக இருந்தால் குறுக்காகவும் வெட்டிக்கொண்டே போகும். அசைவுகள், மங்கல், வளைந்த மூலைகள் எல்லாம் உண்டு. இன்றைக்கு நாம் பார்க்கும் அழகான ஸ்க்ரீன்ஷாட்டுகளில் பெரும்பகுதி இதுதான். வேகமாக வளர்கிறது, அதனால் கான்ஃபிக் எழுதும் முறையும் வெளியீட்டுக்கு வெளியீடு மாறுகிறது. புதுப்பித்த மறுநாள் காலையில் சிவப்புப் பட்டையில் பிழை தெரிந்தால் பொறுமையாகச் சரிசெய்யும் குணம் வேண்டும். எனக்கு இல்லை.

சுருளும் பாதை

நிரி இவை எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்கிறது. ரஸ்ட்டில் எழுதப்பட்டது, க்னோமின் பேப்பர்டபிள்யூஎம் நீட்சியிடமிருந்து யோசனையை எடுத்துக்கொண்டது. இதில் சாளரங்கள் பக்கவாட்டில் முடிவில்லாமல் நீளும் ஒரு பட்டையில் வரிசையாக இருக்கும், திரை அதன்மேல் நகரும் சட்டம் மட்டுமே. புதிதாக ஒன்றைத் திறந்தால் இருப்பவை சுருங்காது, பக்கத்தில் சேரும். மேலே சொன்ன ரயில் ஜன்னல் பிரச்சினையே இங்கே எழாது. சூப்பர்+ஆர் அழுத்தினால் மூன்றிலொன்று, பாதி, மூன்றில் இரண்டு என்று அகலம் மாறும். சின்னத் திரை மடிக்கணினிக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை. முதன்முறை திறந்ததும் முக்கியமான குறுக்குவிசைகளின் பட்டியலைத் திரையிலேயே காட்டும், மறந்தால் சூப்பர்+ஷிப்ட்+சாய்கோடு.

குறை என்னவென்றால், அதன் வொர்க்ஸ்பேஸ்கள் க்னோமைப் போல் முளைத்து மறைபவை. "2 என்றால் பிரவுசர்" என்ற என் பிடிவாதம் இங்கே ஆட்டம் காணும். பெயர் வைத்த வொர்க்ஸ்பேஸ்களைக் கான்ஃபிக்கில் எழுதிவைத்துச் சமாளிக்கலாம். இன்னொன்று, பழைய எக்ஸ்11 செயலிகள் ஓட எக்ஸ்வேலண்ட்-சாட்டிலைட் என்ற துணை நிரலையும் நிறுவியிருக்க வேண்டும்.

பிடுங்கிக்கொள்ளப்படுபவை

டைலிங்கை விட்டு ஓடிப்போகிறவர்கள் டைலிங் பிடிக்காமல் ஓடுவதில்லை. வெளிச்ச விசை வேலை செய்யவில்லை, மடிக்கணினியை மூடித் திறந்தால் பூட்டுத் திரை வரவில்லை, வீடியோ அழைப்பில் திரையைப் பகிர முடியவில்லை, பென்டிரைவ் தானாக ஏறவில்லை: இதில்தான் பொறுமை போகும். இவையெல்லாம் டெஸ்க்டாப் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலைகள். விண்டோ மேனேஜருக்கு இவற்றில் எந்தப் பொறுப்பும் இல்லை.

ஸ்வேயில் பூட்டுக்கு ஸ்வேலாக், அறிவிப்புக்கு மாகோ, வெளிச்சத்துக்கு பிரைட்னஸ்சிடிஎல், ஸ்க்ரீன்ஷாட்டுக்கு கிரிம்மும் ஸ்லர்ப்பும், செயலி திறக்க ஃபசல், மேல்பட்டைக்கு வேபார், திரைப் பகிர்வுக்கு பைப்வயரோடு ஒரு போர்ட்டல் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஒரு சனிக்கிழமையை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். அதற்கு மனமில்லையென்றால் ஃபெடோராவின் ஐ3 அல்லது ஸ்வே பதிப்பை எடுத்துக்கொள்ளலாம், பாதிக்கு மேல் ஏற்கெனவே கோத்திருக்கும். ரெகோலித் என்ற டெஸ்க்டாப் சூழல் க்னோமின் அமைப்புகளையும் ஐ3-ஐயும் ஒன்றாகக் கட்டித் தருகிறது, நடுவழி தேடுபவர்களுக்கு நல்லது.

தமிழும் ஆங்கிலமும் மாற்றி மாற்றித் தட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. எழுத்து உள்ளீட்டைக் கவனிக்கும் ஐபஸ் என்ற நிரல் க்னோமில் தானாக வரும், ஐ3-ல் வராது. உள்நுழையும்போதே தொடங்கும்படி கான்ஃபிக்கில் ஒரு வரி எழுத வேண்டும். ஐபஸ்ஸில் மொழி மாற்றும் வழக்கமான விசை சூப்பர்+ஸ்பேஸ். அதே சூப்பர்+ஸ்பேஸை ஐ3-ம் ஸ்வேயும் மிதக்கும் சாளரத்துக்கும் பதித்த சாளரத்துக்கும் இடையே தாவ வைத்திருக்கின்றன. இரண்டில் ஒன்றை மாற்றியே ஆக வேண்டும். நான் ஐபஸ்ஸை மாற்றினேன்.

விசைகள்

முதன்மை விசையாக ஆல்ட்டை எடுக்க வேண்டாம். டெர்மினலில் சொல் சொல்லாகத் தாவுவது, பிரவுசரில் பின்பக்கம் போவது என்று பலவற்றை அது ஏற்கெனவே வைத்திருக்கிறது. சூப்பரை எந்தச் செயலியும் பெரும்பாலும் தொடுவதில்லை. டிடபிள்யூஎம் இயல்பாக ஆல்ட்டில் வரும், முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

முதல் வாரத்துக்கு டெர்மினல் திறப்பது, செயலி திறப்பது, சாளரம் மூடுவது, இடம் வலம் நகர்வது, முழுத்திரை, எண்ணுக்குப் போவது, ஷிப்டோடு எண்ணை அழுத்திச் சாளரத்தை அங்கே அனுப்புவது. இவ்வளவு போதும். அளவு மாற்றுவது, ஸ்க்ராட்ச்பேட் (சாளரத்தை மறைத்துவைத்து வேண்டும்போது அழைக்கும் இடம்) எல்லாம் தேவை வரும்போது தானாகத் தேடிப் படிப்பீர்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு மேனேஜர்களைச் சோதிக்க வேண்டாம். மூடும் விசை ஐ3-ல் சூப்பர்+ஷிப்ட்+கியூ, நிரியில் சூப்பர்+கியூ. ஹைப்பர்லேண்டின் மாதிரிக் கான்ஃபிக்கிலோ அதே சூப்பர்+கியூ புது டெர்மினலைத் திறக்கும். காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று பார்த்தால் கை குழம்பி, இரண்டின்மேலும் வெறுப்பு வரும்.

அடுத்தவர் கான்ஃபிக்கை முழுதாக நகலெடுப்பதும் அதே ரகம்தான். நான் ஒருமுறை எங்கிருந்தோ நானூறு வரிக் கோப்பு ஒன்றை எடுத்துப் போட்டேன். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. அதில் பாதி விசைகள் என்னிடம் இல்லாத நிரல்களை அழைத்தன. பூட்டு விசையும் அப்படித்தான்: ஒரு வாரம் எழுந்து போகும்போதெல்லாம் கணினியைப் பூட்டியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒருநாளும் பூட்டவே இல்லை.

எதை எடுத்தாலும் பழைய டெஸ்க்டாப்பை நீக்காதீர்கள். உள்நுழையும் திரையின் மூலையில் எந்த அமர்வு என்று கேட்கும் சின்னப் பொத்தான் இருக்கும். அதில் க்னோமோ கேடிஇயோ இருந்துகொண்டே இருக்கட்டும். அவசர வேலை இருக்கும் நாளில் அதற்குள் போங்கள். எந்த வாரம் அந்தப் பொத்தானைத் தொடவே இல்லையோ, அந்த வார இறுதியில் கான்ஃபிக் கோப்பை ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.